கும்மிடிப்பூண்டி: காற்றின் கணக்கும் மழையின் கணக்கும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி தயாரிக்கும் ஊராக மாறியது. மின்காந்தத் தூண்டலால் சூடேறும் தூண்டல் உலையில், காயலான் கடைகளிலிருந்து வரும் இரும்பு துருவோடும் பெயின்டோடும் கொட்டப்படுவதால், உலைவாயில் எழும் புகையில் இரும்புத் துகளுடன் துத்தநாகமும் ஈயமும் கலந்திருக்கக்கூடும். தெற்கே அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரித்து வெளியிடும் கந்தக டை ஆக்சைடும் இந்தக் கரையோரக் காற்றில்தான் சேர்கிறது.

காற்றை அளக்கும் வழக்கம் பெருநகரங்களில் தொடங்கி மெல்லவே வெளியே பரவியது. நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1978 முதல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் அளவெடுத்தது. 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும், 1982இல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், 1984இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நாடளாவிய கண்காணிப்புத் திட்டமும் வந்தன. கருவிகள் எளியவை: காற்றை உறிஞ்சும் இயந்திரத்தின் வாயில் கண்ணாடியிழை வடிதாளைப் பொருத்தி, அதன் எடை எவ்வளவு கூடியது என்பதைக் கொண்டு தூசியைக் கணக்கிட்டனர், கந்தக டை ஆக்சைடைப் பாதரச உப்புக் கரைசலில் பிடித்து, சாயம் சேர்த்ததும் தோன்றும் செவ்வூதா நிறத்தின் அடர்த்தியால் அளந்தனர். வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் என்பது விதி. எஞ்சிய நாள்களில் உலை எப்படி ஓடியது என்பதை வடிதாள் சொல்லாது. 1994ஆம் ஆண்டுத் தரநிலை, மிதக்கும் தூசியின் ஆண்டுச் சராசரியாகக் குடியிருப்புப் பகுதிக்குக் கனமீட்டருக்கு 140 மைக்ரோகிராமையும் தொழிற்பகுதிக்கு 360 மைக்ரோகிராமையும் அனுமதித்தது, ஆலை மதிலை ஒட்டி வாழ்வோரின் நுரையீரல் தனி வகை என்பதுபோல. 2009இல்தான் அந்தப் பாகுபாடு நீங்கியது.

மழைநீர் ஆய்வு வேறு வழியில் வளர்ந்தது. ஆலைப் புகைக்கும் அமில மழைக்கும் உள்ள தொடர்பை ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1852இல் மான்செஸ்டரில் எடுத்துக்காட்டியிருந்தும், இந்திய வானிலைத் துறை 1970களில் உலக வானிலை அமைப்பின் திட்டப்படி நிறுவிய நிலையங்கள், இயல்பான வளிமண்டலத்தின் போக்கை அறியும் நோக்கம் கொண்டவையாதலால், பெரும்பாலும் ஆலைகளை விட்டு விலகியே அமைந்தன. தமிழகத்தில் அதற்குத் தேர்வான இடம் கொடைக்கானல். போர்ட் பிளேரிலும் ஒரு நிலையம் உண்டு. 1991இல் மீண்டும் குமுறத் தொடங்கிய பாரன் தீவு எரிமலை அங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் உள்ளது. எரிமலையின் மூச்சிலும் நிலக்கரிப் புகையிலும் வருவது ஒரே கந்தக டை ஆக்சைடுதான்; மழைத்துளிக்குள் இரண்டும் கந்தக அமிலமாகவே முடியும்.

கும்மிடிப்பூண்டி மழையைப் படிப்பதோ கொடைக்கானல் மழையைப் படிப்பதைவிடச் சிக்கலானது. கரியமில வாயு மட்டும் கரைந்த தூய மழையின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் குறிக்கும் எண், ஏறத்தாழ 5.6, எண் குறையக் குறைய அமிலம் கூடும். இந்திய மண் தூசியிலுள்ள கால்சியம் அமிலத்தை நடுநிலையாக்கிவிடுவதால், சல்பேட் மிகுந்த மழையும் பிஎச் அளவில் குற்றமற்றதாகத் தோன்றலாம். வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலின் உப்பையும் சுமந்து வருவதால், நீரிலுள்ள சோடியத்தை அளந்து, கடல்நீரில் சோடியத்துக்குச் சல்பேட் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்ற விகிதப்படி கடலின் பங்கைக் கழித்த பிறகே எஞ்சிய சல்பேட்டில் புகையின் பங்கைத் தேட முடியும். முதல் மழையையும் அடுத்தடுத்த மழையையும் தனித்தனியே பிடிக்காவிட்டால், கோடை முழுதும் படிந்த தூசியை முதல் மழை கழுவிக் கொணர்வதும் கணக்கில் மறைந்துபோகும்.

2009ஆம் ஆண்டுத் தரநிலைப் பட்டியலில் ஈயம் உட்பட 12 மாசுகளுக்கு வரம்பு உண்டு. அவை அனைத்தும் காற்றில் அளக்கப்படுபவை. அவற்றைப் பழவேற்காட்டு ஏரிக்கும் கூரையோரத் தொட்டிக்கும் இறக்கிவிடும் மழைக்கு அதில் வரம்பு ஏதும் குறிக்கப்படவில்லை.