எழுதியதை நீக்கும் கலை



முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டுரை நோட்டுகளைத் திருத்தியவன் நான். அப்பணியில் நான் செய்த ஒரு பிழையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீண்ட கட்டுரைக்கு அதிக மதிப்பெண் இட்டு வந்தேன். இரண்டு பக்கம் எழுதியவனைவிட ஆறு பக்கம் எழுதியவனே உழைத்தவன் என்று எண்ணினேன். கார்ட்டூன் படங்களுக்குக் கதை எழுதியோரின் வரலாற்றைப் படித்தபோதுதான் அது தவறு என்று உணர்ந்தேன்.

நடிகர்கள் நடிக்கும் படத்தில் ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடலாம். கையால் வரையும் சித்திரப் படத்தில் அது பெருநஷ்டம். திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினாலும், ஒரு நிமிடக் காட்சிக்கு ஒரு பாத்திரத்திற்கு மட்டும் 720 சித்திரங்கள் வேண்டும். ஆகவே, வரையத் தொடங்குமுன்பே கதை செம்மையாக இருத்தல் வேண்டும்.

இதற்கு ஒரு வழி அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் பிறந்தது. 1930-களின் தொடக்கத்தில் அங்கே கதைக்கென்றே ஓர் இலாகா அமைந்தது. டெட் சியர்ஸ் அதன் முதல் தலைவர். காட்சிகளைத் தனித்தனித் தாள்களில் வரைந்து, பலகையில் வரிசையாகக் குண்டூசியால் குத்திவைக்கும் முறை அவ்விலாகாவில் வழக்கத்திற்கு வந்தது. அதைத் தொடங்கிய பெருமையை டிஸ்னி, வெப் ஸ்மித் என்னும் கதையாசிரியருக்கு அளித்தார். இதனைக் கதைப்பலகை என்று சொல்லலாம். பலகையின் முன் நின்று கதையைச் சொல்லிக் காட்டுவார்கள். சுவை குன்றும் இடத்தில் தாளைக் கழற்றி எறிவார்கள். அங்கே எழுத்தாளனின் எழுத்தாணி பென்சில். அவனது ஓலை அந்தப் பலகை.

‘ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ என்ற படம் 1937 டிசம்பர் 21-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஓடும் நேரம் 83 நிமிடங்கள். செலவு ஏறத்தாழ 15 லட்சம் டாலர். கதையமைத்தவர்களாக எட்டுப் பேரின் பெயர்கள் அதில் உள்ளன. டோரதி ஆன் பிளாங்க் என்ற பெண்மணியும் அவர்களுள் ஒருவர். அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். ஜெர்மானியரான கிரிம் சகோதரர் பதிப்பித்த மூலக்கதையில் பொல்லாத அரசி மும்முறை மாறுவேடத்தில் வருகிறாள்: முதலில் கச்சுக் கயிறு, பிறகு நச்சுச் சீப்பு, கடைசியில் ஆப்பிள். கதையாசிரியர்கள் முதல் இரண்டையும் விட்டு, ஆப்பிளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கிரிம் கதையில் குள்ளர்களுக்குப் பெயரே இல்லை. படத்திலோ எழுவருக்கும் எழு குணங்களும், குணத்திற்கேற்ற பெயர்களும் கிடைத்தன. ஒன்றைக் குறைத்த இடத்தில் மற்றொன்று வளர்ந்தது.

அப்படத்திற்காக வார்டு கிம்பல் என்ற இளம் சித்திரக்காரர், குள்ளர்கள் சூப் குடிக்கும் வேடிக்கைக் காட்சி ஒன்றைப் பல மாதங்கள் உழைத்து வரைந்தார். நகைச்சுவைக்கு அதில் குறைவில்லை. ஆயினும் அது கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று கண்ட டிஸ்னி, காட்சி முழுவதையும் நீக்கினார். கதைப்பலகையைக் கடந்து வந்துவிட்ட ஒரு பிழைக்குக் கொடுத்த விலை அது. கிம்பலின் உள்ளம் எவ்வளவு வருந்தியிருக்கும்!

அடுத்த படமான ‘பினோக்கியோ’வில் இதைவிடப் பெரிய சோதனை நேர்ந்தது. 1938-இல் வேலை பல மாதங்கள் நடந்துவிட்ட நிலையில், மரப்பொம்மைச் சிறுவனிடம் யாருக்கும் அன்பு பிறக்காது என்பதை டிஸ்னி உணர்ந்தார். வேலையை நிறுத்திக் கதையைத் திருத்தச் செய்தார். இத்தாலிய ஆசிரியர் கொல்லோடியின் மூலநூலில், நல்லுரை கூறும் சுவர்க்கோழி ஒன்று தொடக்கத்திலேயே பினோக்கியோ எறிந்த சுத்தியலால் மாண்டு போகிறது. அந்தச் சிறு பாத்திரத்தைச் சிறுவனின் மனச்சாட்சியாகவே படம் முழுவதும் உடன் நடக்க வைத்தார்கள். சூப் காட்சியை இழந்த கிம்பலிடமே அதை உருவாக்கும் பணி வந்து சேர்ந்தது. 1940 பிப்ரவரியில் படம் வெளியாயிற்று. போரினால் ஐரோப்பியச் சந்தை மூடிக் கிடந்தமையால் அப்போது போட்ட பணம் திரும்பவில்லை. எனினும், காலம் அப்படத்தைச் சிறந்தவற்றுள் வைத்துப் போற்றுகிறது.

பலர் கூடிச் செய்த இவ்வேலையைப் பின்னர் ஒருவரே தனியாகச் செய்தார். 1937-இல் ஸ்டூடியோவில் சேர்ந்து, இரண்டு அசைவுகளுக்கு இடைப்பட்ட சித்திரங்களை நிரப்பும் எளிய பணியில் தொடங்கியவர் பில் பீட். டோடி ஸ்மித் அம்மையார் 1956-இல் எழுதிய நாவலை, 1961-இல் வெளிவந்த ‘நூற்றியோரு டால்மேஷியன்கள்’ படத்திற்கு அவரே முழுவதும் கதையாக அமைத்தார். நாவலில் வரும் இரண்டு தாய் நாய்களை ஒன்றாக்கினார். கொடியவளான குரூயெல்லாவின் கணவனையும் பூனையையும் நீக்கினார். அதனால் அவளது கொடுமை தனித்து ஓங்கி நின்றது. தம் நூலைச் சிதைத்துவிட்டார் என்று அம்மையார் சினங்கொள்ளவில்லை. கதை மேம்பட்டிருப்பதாகப் பாராட்டி எழுதினார் என்பர்.

மாணவர்களே, நீக்குவது எல்லாம் நன்மை என்று நான் சொல்லவரவில்லை. சுவர்க்கோழியை வளர்த்ததும் அதே கதையாசிரியர்கள்தாமே! எதை வைப்பது, எதை விடுவது என்பதைக் கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று கண்டவரே சொல்ல முடியும். அதைக் காண்பதற்கு, எழுதிய பின் சற்று எட்ட நின்று பார்க்கும் பொறுமை வேண்டும்.

என் வகுப்பில் ஒரு மாணவன் தன் ஊர்த் திருவிழாவைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தான். முதல் நான்கு பக்கங்களில் திருவிழாக்களின் பெருமை. ஐந்தாம் பக்கத்தில்தான், கூட்டத்தில் தம்பியின் கையை விட்டுவிட்டு அவன் தேடி அலைந்த செய்தி வந்தது. நான் பக்கங்களை எண்ணி நல்ல மதிப்பெண் இட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்று அந்த நோட்டு என் கைக்கு வந்தால், “அப்பா, ஐந்தாம் பக்கத்திலிருந்து தொடங்கு” என்று ஒரே வரி எழுதுவேன்.