சீரகம் ஒரு நிறைப்பெயர்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தைப் பாடம் சொல்லும்போதெல்லாம் தொகைமரபில் ஓரிடத்தில் நாம் சற்றே நின்றுவிடுவதுண்டு. அளவுப்பெயருக்கும் நிறைப்பெயருக்கும் மொழிமுதலாகும் எழுத்துகள் ஒன்பது என்கிறது அந்நூற்பா. முகந்து காண்பது அளவு. தூக்கிக் காண்பது நிறை. உரையாசிரியர்கள் முன்னதற்குக் கலம், சாடி, நாழி, உழக்கு என்றும், பின்னதற்குக் கழஞ்சு, தொடி, பலம் என்றும் காட்டுகள் தருகின்றனர். அந்த நிறைப்பெயர் வரிசையில் சீரகமும் நிற்கிறது! ஆனால் சோழர் கல்வெட்டுகளுக்குள் புகுந்தால், எடைக்கே பெயர் தந்த சீரகம் அங்கே நிறுக்கப்படுவதில்லை. செவிட்டாலும் ஆழாக்காலும் முகக்கப்படுகிறது.

முதலாம் இராசராசன் (985-1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலில் 'ஆடவல்லான்' என்பது நெல்லளக்கும் மரக்காலின் பெயர்; பொன் நிறுக்கும் கல்லின் பெயரும் அதுவே. இரண்டையும் ஒருங்கே ஆண்ட அக்காலத்தார் எதை முகப்பது, எதை நிறுப்பது என்பதில் குழம்பவில்லை. திருவமுதுக்கான மிளகு, கடுகு, சீரகம் முகத்தலளவையில் வருகின்றன. சர்க்கரையும் புளியும் பலத்தில் வருகின்றன. காரணம் எளிது என்றே நமக்குத் தோன்றுகிறது. மிளகு உருண்டோடி நாழியை நிரப்பும். புளியோ ஒட்டிக்கொண்டு இடைவெளி விட்டு நிற்கும்.

ஒரே நாழியில் பொருளுக்குப் பொருள் கொள்ளளவு மாறும் என்பதையும் அவர்கள் மரபு கணக்கில் வைத்திருந்தது. பழைய வாய்ப்பாட்டின்படி ஒரு நாழிக்கு நெல் 14,400; மிளகு 12,800. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, எட்டு ஆழாக்கு ஒரு நாழி. ஆகவே ஒரு செவிட்டுக்கு நெல் 360, மிளகு 320.

இதை இங்கே விரித்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மருந்தும் உணவும் கலந்த பழஞ்சுவடியொன்றின் பதிப்பை அண்மையில் படிக்க நேர்ந்தது. பதிப்பாசிரியர் இக்கால வாசகருக்கு உதவ எண்ணி, ஆழாக்கு வந்த இடமெல்லாம் '168 கிராம்' என்று மாற்றியிருக்கிறார். ஆழாக்கு 168 மில்லிலிட்டர் என்பது இன்றைய சித்த மருத்துவ நூல்களில் வழங்கும் அளவு. தண்ணீருக்கு அது 168 கிராம்தான். கொத்தமல்லி விதைக்கோ அதில் பாதிகூடத் தேறாது. ஐயம் தீர, ஒரு மாலையில் 320 மிளகை எண்ணி நிறுத்துப் பார்த்தோம் (வீட்டில் சிரித்தார்கள்). 16 கிராம் அளவில் நின்றது. அப்பதிப்பின் கணக்கில் ஒரு செவிடு 33.6 கிராம். இரசத்தில் இரட்டிப்பு மிளகு விழுந்தால் கண்ணில் நீர் வருவதோடு போகும், சூரணத்தில் விழுந்தால்?

இலைகளின் பாடு இன்னும் கடினம். பச்சிலையும் அதன் உலர்ந்த பொடியும் ஒரே கிண்ணத்தில் ஒரே எடை நிற்பதில்லை. ஆகையால்தான் மருத்துவ மரபு இலைக்குக் 'கைப்பிடி' என்றும், பொடிக்கு மூவிரல் நுனி கொள்வதை 'வெருகடி' என்றும் குறித்தது. வெருகு என்பது காட்டுப்பூனை. 1956இன் அளவைச் சட்டம் படியையும் பலத்தையும் கடைத்தெருவிலிருந்து மெல்ல விலக்கியது. வெருகடியை விலக்கச் சட்டத்துக்கு வழியில்லை.

நம்மிடமுள்ள பிரதியில் அந்த '168 கிராம்' வரும் இடங்களை அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் மீண்டும் 'ஆழாக்கு' என்றே எழுதி வைத்திருக்கிறோம்.