சைக்கிள் டைனமோவிலிருந்து மடிக்கணினி வரை

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியில் விடத்தல்தீவையும் இலுப்பைக்கடவையையும் கடந்தால் வருவது வெள்ளாங்குளம். மன்னார் மாவட்டத்தின் வட எல்லைக் கிராமம் அது. அதற்கப்பால் முழங்காவில், அது கிளிநொச்சி மாவட்டம். மேற்கே கடல், கிழக்கே துணுக்காய்க்குச் செல்லும் பாதை. இத்தகைய ஓர் இடத்திலிருந்து எழுத்துத் தொழில் செய்பவருக்கோ, ஆசிரியருக்கோ, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காளருக்கோ எத்தகைய மடிக்கணினி பொருந்தும்? பார்வைக்கு இது கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் இதற்கான விடை நமது அண்மைக்கால வரலாற்றில் இருக்கிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் பெரும்பகுதி மின்சாரத்தை இழந்தது. எரிபொருள், சீமெந்து என்பவற்றுடன் டோர்ச் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. கைக்கு அடக்கமான அந்த உலர் மின்கலத்துக்கு அன்று இருந்த பெறுமதியை இன்றைய தலைமுறைக்கு விளக்குவது கடினம். தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தினர். அதுவும் பயன்தராதபோது சைக்கிள் கைகொடுத்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தரும் மின்சாரத்தை டயோட் மூலம் நேர்மின்னோட்டமாக்கி வானொலிக்குக் கொடுத்தனர். ஒருவர் சுழற்ற, சுற்றியிருந்தவர்கள் செய்தி கேட்டனர். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடிட்ட தாள்களில் அச்சாகிய காலமும் அதுவே. மின்சாரத்தையும் காகிதத்தையும் மறுப்பது செய்தியை மறுப்பதற்கு ஒப்பானது என்பதை எமது மக்கள் அனுபவத்தில் அறிந்துகொண்டனர்.

இங்கே ஒரு சிறு கணக்கு அவசியமாகிறது. சைக்கிள் டைனமோவின் வழக்கமான அளவு 6 வோல்ட், 3 வாட். தலா 1.5 வோல்ட் கொண்ட நான்கு உலர் மின்கலங்களைத் தொடராக இணைத்தாலும் கிடைப்பது அதே 6 வோல்ட் என்பதால் வானொலிக்கு அது பொருந்திற்று. இன்றைய மடிக்கணினி ஒன்றின் மின்கலம் 48 வாட்-மணி கொள்ளளவு உடையது என்று வைத்துக்கொண்டால், எந்த இழப்பும் இல்லாவிட்டாற்கூட அதை நிரப்ப அந்த டைனமோவை 16 மணி நேரம் சுழற்றவேண்டும். கணினி எம்மை மின்கம்பியுடன் எவ்வளவு இறுக்கமாகப் பிணைத்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் தொடக்கம் அவ்வாறு இருக்கவில்லை. 1983 இல் அமெரிக்காவின் ரேடியோ ஷாக் நிறுவனம், ஜப்பானின் கியோசெரா தயாரித்த டி.ஆர்.எஸ்.-80 மொடல் 100 என்ற கணினியை விற்பனைக்கு விட்டது. திரையில் எட்டு வரிகள், வரிக்கு நாற்பது எழுத்துகள். தொலைபேசி வழியே பிரதியை அனுப்ப உள்ளேயே ஒரு மோடம். நான்கு பென்டோர்ச் பற்றரிகளில் ஏறத்தாழ 20 மணி நேரம் இயங்கியது. பற்றரி தீர்ந்தால் பக்கத்துக் கடையில் வேறு நான்கு வாங்கிப் போட்டால் போதும். செய்தியாளர்கள் அதைப் பெரிதும் விரும்பியதில் வியப்பில்லை. பற்றரியே தடைப்பொருளாக இருந்த வன்னியில் அந்தக் கருவியும் முடங்கியிருக்கும் என்பது வேறு விடயம்.

அதன் பின்னர் திரை வண்ணமாயிற்று, வேகம் கூடிற்று, மின்பசியும் கூடிற்று. நிக்கல் கட்மியம் மின்கலங்களும், அடுத்து நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் மின்கலங்களும் வந்தன. 1991 இல் சோனி நிறுவனம் லித்தியம் அயன் மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஜோன் குடினஃப், ஸ்டான்லி விற்றிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1992 இல் ஐ.பி.எம். திங்க்பாட் வரிசையை அறிமுகப்படுத்திற்று. 1996 இல் பனசொனிக்கின் டஃப்புக் வந்தது. விழுந்தாலும் தூசி படிந்தாலும் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது அது. அலுவலகப் பாவனைக்கான மடிக்கணினிகளில் அடிப்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளி மின்கலத்தைக் கழற்றி, நிரப்பிவைத்த மற்றொன்றை மாட்டுவது சாதாரண நடைமுறையாக இருந்தது.

2008 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் மக்புக் எயார் கணினியை வெளியிட்டபோது மின்கலம் உள்ளே வைத்து மூடப்பட்டது. மெலிவே அழகு என்றாயிற்று, ஏனையோரும் பின்பற்றினர். அதே 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெள்ளாங்குளம் இராணுவத்தின் கைக்குப் போயிற்று. ஊர் இடம்பெயர்ந்து அலைந்து, மீண்டும் குடியேறி, வீட்டுக்கு மின்சாரம் பெற்ற காலத்தில், உலகின் மடிக்கணினிகள் தம் மாற்று மின்கலத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டிருந்தன.

மின்கம்பி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். 2020 டிசம்பரில் மன்னார் தீவில் 30 காற்றாலைகளுடன் தம்பபவனி மின்நிலையம் திறக்கப்பட்டது. அந்த மின்சாரம் தேசிய வலையமைப்புக்குள் செல்கிறது. வலையமைப்பு முடங்கினால் காற்றாலையின் அருகில் இருப்பவருக்கும் இருள்தான். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறு நாடு முழுவதையும் இருட்டில் ஆழ்த்திற்று.

ஆகவே, வெள்ளாங்குளத்துக்கு மடிக்கணினி தேர்பவர் முதலில் பார்க்கவேண்டியது வேகத்தை அல்ல, மின்கலத்தை. லெனோவோவின் திங்க்பாட் டி480 (2018) இதற்கு நல்ல உதாரணம். உள்ளே 24 வாட்-மணி மின்கலம். வெளியே கழற்றக்கூடிய இன்னொன்று, 24, 48, 72 என மூன்று அளவுகளில். உள்மின்கலத்தில் கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே வெளிமின்கலத்தை மாற்றலாம். அடுத்து வந்த டி490 இல் இந்த வசதி கைவிடப்பட்டது. டஃப்புக் வரிசையில் கழற்றும் மின்கலம் இன்றும் உண்டு, விலைதான் அதிகம். வெளிநாட்டு அலுவலகங்கள் சில ஆண்டுகள் பாவித்துக் கழித்துவிடும் தொழில்முறைக் கணினிகளே நடுத்தர வருமானத்துக்குப் பொருந்தும் வழி.

இரண்டாவதாக, யூ.எஸ்.பி.-சி வழியே மின்னேற்றம் பெறும் கணினியாயின், பவர் பாங்கிலிருந்தோ சூரியத் தகட்டினால் நிரப்பிய மின்கலத்திலிருந்தோ ஊட்டலாம். மூன்றாவதாக, வெப்பம். லித்தியம் மின்கலத்துக்குச் சூடும், எப்போதும் முழுமையாக நிரம்பியிருக்கும் நிலையும் பகை. மின்னேற்றத்தை 80 வீதத்தில் நிறுத்தும் வசதி பல தொழில்முறைக் கணினிகளில் இருக்கிறது. மின்வெட்டு எதிர்பார்க்கப்படாத நாட்களில் அதைப் பயன்படுத்தவேண்டும். கடற்காற்றின் உப்பு உலோக முனைகளை அரிக்கும். மின்கலத்தின் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் இடைக்கிடை துடைப்பது நன்று. மலிவான போலி மின்கலங்களை அறவே தவிர்க்கவேண்டும். 2006 இல் சோனி தயாரித்த மின்கலங்களே தீப்பிடிக்கும் அபாயத்தினால் பல இலட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன என்பது நினைவிருக்கட்டும்.

புலம்பெயர்ந்த உறவினர் ஊருக்குக் கொண்டுவரும்போது கவனிக்கவேண்டியது ஒன்று. மேலதிக லித்தியம் மின்கலம் விமானத்தில் கைப்பையில்தான் வரவேண்டும்; சரக்குப் பெட்டியில் வைத்தல் ஆகாது. 100 வாட்-மணிக்கு மேற்பட்டதாயின் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய மின்கல ஒழுங்குவிதி, கையடக்கச் சாதனங்களின் மின்கலத்தைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்று, சில விலக்குகளுடன், விதித்திருக்கிறது. அதற்கு அது குறித்துள்ள நாள் 2027 பெப்ரவரி 18. கழிவைக் குறைப்பதும் வளங்களை மீட்பதும் அதன் நோக்கங்கள். எமக்கோ வேறொரு காரணமும் உண்டு. மின்சாரம் எவருடைய கையில் இருக்கிறதோ, எப்போது பேசலாம், எப்போது எழுதலாம் என்பதைத் தீர்மானிக்கும் வல்லமையும் அவர் கையில் இருக்கும். கழற்றி மாற்றக்கூடிய ஒரு மின்கலம் அந்த வல்லமையில் ஒரு சிறு பங்கையேனும் எழுதுபவரிடம் திருப்பிக் கொடுக்கிறது. டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட சமூகம் இதைப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.