பட்டியலில் இடம்பெறாத பேச்சு: அஞ்செட்டி மலைப்பகுதியும் சிறப்புக் கல்விக் கொள்கையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல்லுக்குச் செல்லும் காட்டுச் சாலையில் அமைந்த நாட்றாம்பாளையம், 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிக்கப்படும் வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சிறப்புக் கல்வியின் வரலாற்றில் இந்த நிர்வாகச் செய்திக்கு ஓர் இடமுண்டு. பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழிருந்த மாவட்டங்களை முன்னிறுத்தி 1994-ல் தொடங்கப்பட்ட மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு, தமிழ்நாட்டிலிருந்து முதல் கட்டத்திலேயே தேர்வான சில மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. பார்வை, செவி, உடல், அறிவு ஆகியவற்றில் குறையுள்ள குழந்தைகளை ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துக் கற்பிக்கும் ஒருங்கிணைந்த கல்வி, இப்பகுதிப் பள்ளிகளுக்கு ஒரு திட்டத்தின் உறுப்பாக வந்து சேர்ந்தது அந்த வழியாகத்தான்.

அதற்கு முன்பு பேச்சுப் பயிற்சி என்பது காதுகேளாதோர் விடுதிப் பள்ளிகளின் சுவர்களுக்குள் நடந்த வேலையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய பள்ளி போன்ற இடங்களில், பேசக் கற்றுக்கொடுத்தவர்களும் பாடம் நடத்தியவர்களும் ஒரே ஆசிரியர்களாகவே இருந்தனர். ஒலிப்புப் பிழை, திக்குவாய், மொழி வளர்ச்சித் தாமதம், குரல் குறை ஆகியவற்றை ஆராய்ந்து பயிற்சியளிக்கும் பேச்சு மொழி வல்லுநர் என்னும் தனித் தொழிலர், 1960களின் நடுவில் மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புல நிறுவனமும் பம்பாயில் நாயர் மருத்துவமனைப் படிப்பும் தோன்றிய பின்னரே இந்தியாவில் உருவானார். மருத்துவமனையையும் ஆய்வுக்கூடத்தையும் ஒட்டிப் பிறந்ததால், இத்தொழில் நெடுங்காலம் காது மூக்கு தொண்டைப் பிரிவின் துணைத் தொழிலாகவே கருதப்பட்டது. பள்ளி அதன் இயல்பான பணியிடம் என்ற எண்ணம் கொள்கை வகுத்தோரிடம் வேரூன்றவில்லை.

மத்திய அரசின் 1974-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் சிறப்பாசிரியரையே மையமாகக் கொண்டிருந்தது. 1992-ல் இயற்றப்பட்ட இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் பேச்சுப் பயிற்சியாளரையும் பதிவுபெற வேண்டிய வல்லுநராக ஏற்றுக்கொண்டது. யாருக்குத் தொழில் செய்யும் தகுதி உண்டு என்பதை அச்சட்டம் வரையறுத்ததே தவிர, எந்தப் பள்ளியில் எத்தனை பேர் பணியாற்ற வேண்டும் என்பது அதன் எல்லைக்கு வெளியே நின்றது. 2001-ல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம் ஒரு மாற்றுத்திறன் குழந்தைக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் என்று கணக்கிட்டது. அத்தொகை பின்னர் 3,000 ஆகவும், 2018-ல் வந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 3,500 ஆகவும் உயர்ந்தது. கருவிகள், முகாம்கள், போக்குவரத்து, பயிற்சி எல்லாவற்றையும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்குக்குள் அடக்க வேண்டியிருந்ததால், குழந்தைகள் சிதறி வாழும் மலைப்பகுதிக்கு அது எவ்வகையிலும் பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் நாற்பது குழந்தைகள் ஒரே நகரத்தில் இருப்பதற்கும், அதே நாற்பது பேர் யானை நடமாடும் காட்டுக்குள் பல சிற்றூர்களில் பரவியிருப்பதற்கும் கணக்கில் வேறுபாடு இல்லை. ஆகவே நடைமுறையில் வட்டார வள மையத்தில், அதாவது ஓர் ஒன்றியத்துப் பள்ளிகளுக்குக் கல்வித் துணை செய்யும் அலுவலகத்தில், தொகுப்பூதியத்தில் அமர்ந்த சிறப்புப் பயிற்றுநரே பணியின் பெரும்பகுதியைச் சுமந்தார். வல்லுநர் வகுத்துக் கொடுக்கும் பயிற்சியை அவர் தாய்க்குக் கற்பிப்பார், தாய் வீட்டில் தொடர்வார் என்பதே எதிர்பார்ப்பு.

இவை அனைத்தையும்விட ஆழமாகப் பாதித்தது சட்டத்தின் வரையறை. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு குறைகளைப் பட்டியலிட்டது. கூடுதல் திறனுள்ள காதில் 60 டெசிபெல் அல்லது அதற்கு மேற்பட்ட இழப்பு இருந்தால் அது செவிக்குறை என்று துல்லியமாகக் கூறிய அச்சட்டம், பேச்சைத் தனிக் குறையாகச் சேர்க்கவே இல்லை. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்போ பேச்சுக் குறையைத் தனியே கேட்டுப் பதிவுசெய்தது. நன்கு காது கேட்டும் சொற்களைத் திருத்தமாக ஒலிக்க இயலாத குழந்தைக்குச் சான்றிதழ் பெறும் வழி எளிதாக இல்லை. மாற்றுத்திறனாளி தேசிய அடையாள அட்டைக்கான மருத்துவ முகாமே பயன்களின் வாசலாக இருந்ததால், சான்றில்லாத குழந்தை பட்டியலிலும் இல்லை, தலைக்கணக்கு நிதியிலும் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் குறைகளை 21 ஆக்கிப் பேச்சு மற்றும் மொழிக் குறையையும் சேர்த்தது. ஆனால் குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் நேரும் மொழியிழப்பு போன்ற உறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணங்களால் ஏற்படும் நிரந்தரக் குறை என்று அதை வரையறுத்தது. ஒரு பேச்சு வல்லுநரின் பள்ளிப் பணியில் பெரும்பகுதியாக அமையக்கூடிய ஒலிப்புப் பிழையும் மொழித் தாமதமும் நிரந்தரமானவை அல்ல. உரிய காலத்தில் பயிற்சி கிடைத்தால் நீங்கக்கூடியவை. நீங்கக்கூடியது என்பதாலேயே ஒரு குறை சட்டத்தின் கண்ணுக்குப் படாமற்போவது வேடிக்கையான முரண்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி வட்டாரத்தில் இச்சிக்கலுக்கு இன்னொரு மடிப்பும் உண்டு. தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டில் பேசிவிட்டுத் தமிழ்வழி வகுப்பில் அமரும் குழந்தைகள் இங்குப் பலர். தமிழ் கற்றலைக் கட்டாயமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம் மொழிச் சிறுபான்மையினரிடையே எழுப்பிய எதிர்ப்பு ஓசூர்ப் பகுதியில் பலமாகவே ஒலித்தது. வகுப்பில் வாய்திறவாத குழந்தைக்கு மொழிக் குறையா, அல்லது அந்த மொழி புதியதா என்று பிரித்தறிவது, பயிற்சி பெற்றவர் வீட்டு மொழியிலேயே சோதித்துச் செய்ய வேண்டிய வேலை. மைசூரு மரபில் கன்னட ஒலிப்புச் சோதனை 1972-லும் தமிழ் ஒலிப்புச் சோதனை 1986-லும் உருவாக்கப்பட்டன எனினும், இரண்டும் கலந்து புழங்கும் எல்லைப்புறக் குழந்தைக்கு அவற்றுள் எதுவும் தனியே போதாது. அத்தொழிலின் தாய்வீடான மைசூரு அண்டை மாநிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக் கல்வி மாநில நிர்வாகத்துக்கு உட்பட்டது என்பதால் அந்த அண்மை பணியிடமாக மாறவில்லை.

அமெரிக்காவில் வரலாறு வேறு திசையில் சென்றது. சிகாகோ நகரப் பள்ளிகள் 1910-லேயே பேச்சுத் திருத்த ஆசிரியர்களை அமர்த்தின. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சுக் குறையைத் தனி வகையாக ஏற்றதோடு, பேச்சுப் பயிற்சியைக் கல்விக்குத் துணையான சேவைகளுள் ஒன்றாகவும் பெயர் சொல்லிக் குறித்தது. அதனால் அங்கு பேச்சு வல்லுநர் பள்ளியின் ஊழியரானார். இந்தியாவிலோ அவர் பள்ளிக்கு வருகை தருபவராகவே நின்றார். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டத் தலைமையிடங்களில் அமைத்த தொடக்கநிலை இடையீட்டு மையங்களின் பணியாளர் பட்டியலில் செவியியல் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர் உண்டு. அரசுக் காப்பீட்டில் செவிநத்தை உட்பொருத்தம் பெற்ற குழந்தைகளுக்கான தொடர்பயிற்சியும் மருத்துவத் துறையின் வழியிலேயே வருகிறது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் நாட்றாம்பாளையத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு மகனை அழைத்துச் செல்லும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும், பயிற்சியோ வாரந்தோறும் வேண்டியது. 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் பொதுப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும் என்று கூறி விகிதங்களைக் குறித்தபோதும், அந்த விகிதங்கள் சிறப்பாசிரியருக்கு உரியவையாகவே அமைந்தன.