தவறிப்போன வண்டிகளின் வரலாறு

பெர்லினிலிருந்து பார்சிலோனா வரை ரயிலிலேயே போவது என்று கிளம்பினேன். முதல் வண்டி நாற்பது நிமிஷம் லேட். அதனால் அடுத்த கனெக்‌ஷன் போச்சு. அதனால் பாரிசில் பிடிக்க வேண்டிய நேரடி வண்டியும் போச்சு. நடுவில், பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் சீருடையில் இருவர் ஏறினார்கள். எங்கள் வரிசையில் நாலு பேர். பாஸ்போர்ட் கேட்டது என்னிடம் மட்டும். கிடைத்த வண்டிகளில் ஏறி, பழைய கடலோரப் பாதை வழியாக மறுநாள் இரவு ஸ்பெயினின் எல்லை ஊரான போர்ட்போவில் இறங்கியபோது, கடைசி வண்டியும் போய்விட்டிருந்தது. இனி காலையில்தான்.

தாமதம் என்று எதைச் சொல்கிறோம்? எல்லோருக்கும் பொதுவான நேரம் என்று ஒன்று இருந்தால்தான் தாமதம் என்று ஒன்று இருக்க முடியும். ரயிலுக்கு முன்பு ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் சூரியனைப் பொறுத்த தனி நேரம். பிரிஸ்டல் லண்டனுக்குப் பத்து நிமிஷம் பின்னால். அங்கே தானியச் சந்தைக் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முட்கள் உண்டு. 1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் பாதை முழுக்க லண்டன் நேரத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அது சட்டமானது 1880இல்தான். ஜெர்மனியில் 1891இல் நாடாளுமன்றத்தில் ஒற்றை நேரத்துக்காக வாதாடியவர் ரயில் அதிகாரியோ வானியலாளரோ அல்ல, தளபதி மோல்ட்கே. படைகளை ரயிலேற்ற ஒரே கடிகாரம் வேண்டும் என்பது அவர் கவலை. 1893 ஏப்ரல் 1 முதல் அது சட்டம். ஆக, பொதுநேரம் என்பது இயற்கை தந்ததல்ல. வணிகமும் ராணுவமும் சேர்ந்து கட்டமைத்தது. கால அட்டவணை எல்லாப் பயணிகளையும் சமமாக நடத்துவதுபோலப் பேசுகிறது. அந்தப் பேச்சு குலைகிற இடம் எல்லை.

போர்ட்போவில் அது தண்டவாளத்திலேயே தெரிகிறது. பிரெஞ்சுப் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய பாதை 1668. மீட்டர் கேஜையும் பிராட் கேஜையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பயந்துதான் இப்படிச் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1844 அறிக்கையில் எஞ்சினியர்கள் சொன்ன காரணம் வேறு: அகலமான பாதையில் பெரிய கொதிகலன் வைக்கலாம். காரணம் எதுவானாலும், இந்த இருபத்துமூன்று சென்டிமீட்டர் ஒரு ஊரையே உண்டாக்கியது. ஆளும் சரக்கும் இங்கே இறங்கி மாறியாக வேண்டும்.

மாற்றியது யார்? சுரங்கப் பாதைக்கு அப்பால், பிரெஞ்சுப் பக்கம் செர்பேர். வலென்சியாவின் ஆரஞ்சுப் பழங்களை ஸ்பானிய வேகன்களிலிருந்து பிரெஞ்சு வேகன்களுக்குக் கூடைகூடையாகச் சுமந்தவர்கள் பெண்கள். 1906இல் கூலி உயர்வு கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தண்டவாளத்தில் படுத்து வண்டிகளை மறித்தார்கள். வியாபாரிக்குத் தாமதம் என்றால் அழுகும் பழம். இந்தப் பெண்களுக்கோ அதுதான் பிழைப்பு, அதுதான் ஆயுதமும்.

இதே ஊரில்தான் 1940 செப்டம்பர் 26 அன்று வால்டர் பெஞ்சமின் இறந்தார். பெர்லினில் பிறந்த யூதர், நாஜிகளால் நாடற்றவர் ஆக்கப்பட்டவர், வயது 48. கையில் அமெரிக்க விசா இருந்தது. ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் கடந்து லிஸ்பன் போக அனுமதியும் இருந்தது. பிரான்ஸிலிருந்து வெளியேறும் விசா ஒன்றுதான் இல்லை. ரயிலில் பத்து நிமிஷத் தூரத்தை, இதயநோயோடு மலைமேல் நடந்து கடந்தார். வந்ததும் ஸ்பானிய போலீஸ் திருப்பி அனுப்பப்போவதாகச் சொன்னது. அன்றிரவு மார்ஃபின் விழுங்கினார் என்பதே பெரும்பாலோர் கருத்து. கூட வந்தவர்கள் பிறகு போக அனுமதிக்கப்பட்டார்கள். ஒருநாள் முன்னால் வந்திருந்தால் தடையே இருந்திருக்காது, ஒருநாள் பின்னால் என்றால் வழி அடைபட்ட செய்தி மார்சேய்க்கே எட்டியிருக்கும் என்று ஹன்னா ஆரண்ட் பின்னாளில் எழுதினார்.

இதைத் துரதிருஷ்டம் என்று சொல்லிவிடலாமா? எனக்கு அது போதவில்லை. வண்டி தவறுவது தற்செயலாக இருக்கலாம். தவறவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்பது தற்செயல் அல்ல. அதைக் காகிதங்கள் முன்பே தீர்மானித்து வைத்திருக்கின்றன. மார்க்ஸ் புரட்சிகளை வரலாற்றின் ரயில் எஞ்சினாகக் கண்டார். பெஞ்சமினோ, பயணிகள் அபாயச் சங்கிலியைப் பிடித்திழுப்பதுதான் புரட்சியோ என்று தன் கடைசிக் குறிப்புகளில் யோசித்தார். செர்பேர் பெண்கள் அதை 1906இலேயே செய்து பார்த்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலையில் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். வெளியே டானி காரவான் அமைத்த நினைவுச்சின்னம், 1994இல் திறந்தது. இரும்புச் சுவர்களுக்கிடையே படிகள் கடலை நோக்கி இறங்குகின்றன. பாதியில் ஒரு கண்ணாடி மறிக்கிறது. கடல் தெரிகிறது, போக முடியாது.

2013 டிசம்பர் முதல் பாரிஸ்–பார்சிலோனா அதிவேக வண்டிகள் இந்த ஊரைத் தொடாமலே போகின்றன. 2015 நவம்பரில் பிரான்ஸ் எல்லைச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. வேகமும் சோதனையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ரயிலின் வரலாறு வேகத்தின் கதையாடலாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பிளாட்பாரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் பக்கமிருந்து எழுதினால் அது வேறு வரலாறாக இருக்கும்.

என் வண்டி வந்தது. ஏறிக்கொண்டேன். எனக்குப் போனது ஒரு ராத்திரித் தூக்கம், அவ்வளவுதான்.