கி.மு. 304-இல் கொல்லிமலை யாருக்குச் சொந்தம்?

ராசிபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன். இன்ஜினியரிங் படிக்கிறான். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். தென்னிந்திய வரைபடம். காவிரிக்கு வடக்கே, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். கீழே ஒரே வரி: "ஏனுங்கண்ணா, இந்த இடத்துல யாரைப் போடறதுங்க? வருசம் கி.மு. 304."

விஷயம் இதுதான். ஸ்வீடன் நாட்டு பாரடாக்ஸ் கம்பெனி 2019-இல் 'இம்பரேட்டர்: ரோம்' என்று ஒரு வியூக விளையாட்டை வெளியிட்டது. ரோம் நகரம் உண்டானதாகச் சொல்லப்படும் வருடத்திலிருந்து எண்ணி 450-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 304-இல் தொடங்கும். ரோம், கார்த்தேஜ், அலெக்சாண்டரின் தளபதிகள், சந்திரகுப்த மௌரியர் என்று போய், நம்ம ஊர் வரைக்கும் வரைபடம் நீளும். 2021-இல் கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. 'இன்விக்டஸ்' போன்ற மோட்களை, அதாவது மூல விளையாட்டின் மேல் தாங்களே எழுதிச் சேர்க்கும் மாற்றங்களை, இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். நம்ம தம்பியும் தன் ஊருக்காக ஒரு சின்ன மோட் எழுத உட்கார்ந்திருக்கிறான்.

உள்ளே இருப்பதெல்லாம் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகள்தான். ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் பண்பாடு, சமயம், மக்கள்தொகை, ஒரே ஒரு விளைபொருள். இன்னொரு கோப்பில், எந்த நிலம் எந்த அரசுக்குச் சொந்தம் என்ற பட்டியல். அவனுக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி.

நான் யோசிக்கவே இல்லை. ஐந்து நிமிடத்தில் பதில் போட்டேன். "தகடூர்ல அதியமான் நெடுமான் அஞ்சி. கொல்லிமலையில வல்வில் ஓரி. கிழக்கே திருக்கோவிலூர்ல மலையமான் காரி. காவிரிக்குத் தெற்கே கருவூர்ல சேரன். முடிஞ்சுது." பள்ளிக்கூடத்தில் கடையெழு வள்ளல்களை மனப்பாடம் செய்தவன் வேறு என்ன சொல்வான்? ஆடிப் பதினெட்டை ஒட்டி செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவைப் பார்த்து வளர்ந்த பையனுக்கும் ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அஞ்சியும் ஓரியும் காரியும் ஒரே முடிச்சில் இருப்பவர்கள். ஔவையார் அஞ்சியைப் பாடினார். அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடியதாக ஔவையாரின் பாட்டே சொல்கிறது. காரியைக் கபிலர் பாடினார். தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடினார். அதுதான் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. இந்த முடிச்சில் ஒருவரை நகர்த்தினால் எல்லோரும் சேர்ந்து நகர்வார்கள். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இவர்களை வைக்கும் இடம் கி.பி. முதல் நூற்றாண்டும் அதை ஒட்டிய காலமும். நான் இவர்களைத் தூக்கி முந்நூறு வருடம் முன்னால் வைத்துவிட்டேன். விளையாட்டு முடிவதே கி.மு. 27-இல். அதாவது இந்தக் கணக்குப்படி பார்த்தால், ஓரி பிறப்பதற்கு முன்பே விளையாட்டு முடிந்துவிடுகிறது.

போன் பண்ணிச் சொன்னேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "ஓரி இல்லாம என்னங்கண்ணா கொல்லிமலை?" என்றான். நியாயமான வருத்தம்தான். ஆனால் அந்தக் கேள்வியிலிருந்துதான் உருப்படியான வேலை தொடங்கியது.

அந்தக் காலத்துக்கு நெருக்கமான சான்று எது? அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு. கி.மு. 257 வாக்கில் வெட்டியது. தன் எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் என்று சோழர், பாண்டியர், சதியபுதோ, கேதலபுதோ, தாமிரபரணி என்று வரிசைப்படுத்துகிறது. கேதலபுதோ சேரர், தாமிரபரணி இலங்கை. இந்தச் சதியபுதோ யார் என்று பல பத்தாண்டுகள் ஆளுக்கொரு ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1981-இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி ஒரு குகைப் பள்ளியைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஒரே கல்வெட்டில் அசோகர் சொன்ன பெயரும் ஔவையார் பாடிய பெயரும்! எழுத்தமைதியை வைத்து ஐராவதம் மகாதேவன் அதை கி.பி. முதல் நூற்றாண்டு என்றார். அதைவிடப் பழையது என்பவர்களும் உண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். ஜம்பை இருப்பது தகடூர்ப் பக்கம் இல்லை, மலையமான் நாட்டில். அதியமான் கோவலூரை வென்றான் என்ற பாட்டுச் செய்திக்கும் கல்வெட்டு இருக்கும் இடத்துக்கும் பொருத்தம் இருக்கிறது.

ஆக, கி.மு. 304-க்கு 47 வருடம் தள்ளி நமக்குக் கிடைப்பது ஒரு குடிப்பெயர் மட்டும். அரசன் பெயர் இல்லை, தலைநகர் இல்லை, எல்லை இல்லை. தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, சதியபுதோவின் ஊர் என்பதுகூட, பின்னால் வந்த பாட்டையும் ஜம்பையையும் வைத்து நாம் பின்னோக்கி ஊகிப்பதுதான். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம். தம்பியிடம் இப்படிச் சொன்னேன்: "அரசு பேரு அதியர்னு போடு. தலைநகர் தகடூர். ஆனா அஞ்சியை அரசனாப் போடாதே."

கொல்லிமலைக்கு வந்தோம். விளையாட்டில் ஒரு நிலத்தைப் பிடித்தால் அது உங்கள் நிறத்துக்கு மாறிவிடும். நம் பாட்டுகளில் நடப்பது அப்படி இல்லை. அகநானூற்றில் கல்லாடனார் பாட்டு ஒன்று சொல்லும் செய்தி: காரி ஓரியைக் கொன்றான், கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். கொன்றவன் வைத்துக்கொள்ளவில்லை! காரியின் ஊர் பெண்ணையாற்றங்கரை. இங்கிருந்து அங்கே போக இன்றைக்கும் ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழிதான். அவ்வளவு தூரத்திலிருந்து இந்த மலையைக் கட்டி ஆள்வது அவனுக்கு ஆகாத காரியமாக இருந்திருக்கலாம். அல்லது சேரனுக்காகவே போர் செய்யப் போயிருக்கலாம். எப்படியானாலும் மலை கைமாறியது பரிசாக. கருவூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சங்ககாலச் சேரர் காசுகளில் கொல்லிப்புறை என்ற பெயர் பொறித்தவை இருக்கின்றன. மலையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு அது ஒரு சேர மன்னனுக்குப் பெருமை.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனவர்களுக்கு இன்னொன்றும் புரியும். அந்த மலையைக் கீழே இருக்கும் சமவெளியோடு ஒரே துண்டாகப் போடக்கூடாது. மேலே இருப்பவன் கீழே இறங்கலாம். கீழே இருப்பவன் மேலே ஏறுவது லேசில்லை. எனவே கொல்லியைத் தனி நிலமாக, பெயர் தெரியாத ஒரு மலைத்தலைமையாக வைத்தோம். ஓரியை எங்கே வைப்பது? அந்தத் தலைமைக்குப் பின்னால் பிறக்கப்போகும் வாரிசுகளுக்கான பெயர்ப்பட்டியலில் 'ஓரி' என்று ஒரு பெயர். விற்படைக்குக் கொஞ்சம் கூடுதல் பலம். தம்பி ஒத்துக்கொண்டான், அரை மனசோடு.

காவிரிக்கரையில் சேரரைப் போடலாமா என்பது அடுத்த கேள்வி. பரமத்தி வேலூரில் பாலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம் புகளூர். அங்கே ஆறுநாட்டார்மலையில் கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. சமணத் துறவிக்குப் பாழி செய்து கொடுத்த செய்தி. அருமையான சான்று. ஆனால் அதுவும் கி.பி. முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. 304-க்கு உதவாது. திருமணிமுத்தாறு ஓடும் சமவெளியை யாருக்கும் கொடுக்காமல் விடச் சொன்னேன். விளையாட்டில் அதற்கு வசதி இருக்கிறது: மக்கள் இருப்பார்கள், அரசு இருக்காது. "மேப்புல ஓட்டை மாதிரி அசிங்கமா இருக்குதுங்கண்ணா" என்றான். இருக்கட்டும் தம்பி, அது ஓட்டை இல்லை. ஆட்கள் வாழ்ந்த இடம், ஆண்டவன் பெயர் எழுதப்படாத இடம்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தேன்? பொழுதுபோக்குதானே என்று கேட்கலாம். ஓரியையும் அதியமானையும் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்பவர்கள் இன்றைக்குப் பலர். வண்ணம் பூசி எல்லை போட்ட ஒரு வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு குரூப்பில் போட்டால், ஆறு மாதத்தில் அது 'ஆதாரம்' ஆகிவிடும். அதைப் போட்டது நானும் ராசிபுரத்துப் பையனும் என்பது யாருக்கும் தெரியாது. என்னுடைய ஐந்து நிமிடப் பதில் அப்படித்தான் ஊர் சுற்றியிருக்கும்.

விளைபொருள் பட்டியல் லேசாகப் போனது. தம்பி விளையாட்டாக சேலத்துக்கு ஜவ்வரிசி, நாமக்கல்லுக்கு முட்டை என்று அனுப்பினான். மரவள்ளி அப்போது அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே வரவே இல்லை என்று பதில் போட்டேன். சேலத்துக்கு இரும்பு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கஞ்சமலையில் காந்தக்கல் வகை இரும்புத்தாது இருக்கிறது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. மேற்கே நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு, எஃகு செய்த உலைகளே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கொல்லிக்குத் தேன். தகடூருக்கு என்ன போடுவது என்று யோசித்தபோது கரும்பு நினைவுக்கு வந்தது. அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்பது ஔவையார் தரும் செய்தி.

படைக்கும் ஔவையாரிடமே போனோம். தொண்டைமானிடம் தூது போனபோது பாடியதாகச் சொல்லப்படும் புறநானூற்றுப் பாட்டை நினைத்துப் பாருங்கள். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை போட்டு, அரண்மனையில் பத்திரமாக இருக்கின்றன. அஞ்சியின் வேல்கள் நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. வஞ்சப்புகழ்ச்சி என்று படித்திருப்போம். படைக்கணக்காகவும் படிக்கலாம். பெரிய ஆயுதசாலை இல்லாத, ஓயாமல் சண்டை போடுகிற, பட்டறையை நம்பி நிற்கிற சின்ன அரசு. தம்பி அதியர் அரசுக்குப் பெரிய படை கொடுக்கவில்லை. பட்டறையையும் விரைவாகப் படையைச் சீராக்கும் திறனையும் கொடுத்தான். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. நான் சொல்லவில்லை, அவனே யோசித்தது.

கடைசியாக நாமக்கல். மலைக்கோட்டையை கி.மு. 304-லேயே போட்டு வைத்திருந்தான். கோட்டை பிற்காலத்தது, எடுத்துவிடு என்றேன். அதே மலையில் அரங்கநாதர் குடைவரை இருக்கிறதே, அதன் கல்வெட்டுப் பெயர் அதியேந்திர விஷ்ணுகிருகம். அதியர் குடியில் வந்தவன் எடுத்தது, கி.பி. 8-ஆம் நூற்றாண்டு என்பார்கள். அசோகர் சொன்ன சதியபுதோவும் இந்த அதியேந்திரனும் ஒரே குடி என்றால், ஏறக்குறைய ஆயிரம் வருடம் அந்தப் பெயர் இந்தச் சமவெளியைச் சுற்றியே வந்திருக்கிறது. மௌரியர் அவ்வளவு காலம் நிற்கவில்லை.

அரசன் பெயர் இல்லாமல் விளையாட்டு ஓடாது. ஆகவே அதியர் குடிக்கு முதல் அரசனாக ஒரு கற்பனைப் பெயரைத்தான் போட வேண்டியிருந்தது. அந்தக் கோப்புகளில் ஒரு வரிக்கு முன்னால் '#' குறி போட்டால் விளையாட்டு அதைப் படிக்காது; கோப்பைத் திறக்கிற மனிதன் படிக்கலாம். தம்பி அந்த அரசன் பெயருக்கு மேலே எழுதி அனுப்பியிருந்தான்:

"# இந்தப் பேரு நாங்க வெச்சது. குடிப்பேருக்கு மட்டும்தான் சான்று இருக்கு: அசோகர் கல்வெட்டு, ஜம்பை. ஓரியைத் தேடி வந்தவங்க மன்னிக்கணும், அவரு பொறக்க இன்னும் நாளாகும்."