ஆசிரியரை அளந்த கோல்கள்

1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ ஆண் அநாதைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றவர் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார். தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதைத் தமது விடுதியிலும் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஜோன் பிறிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இது புதுமையல்ல. ஆனால் 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறுநூலின் பின், 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இது இங்கிலாந்தில் பரவியது. செலவு குறைவு என்பதே அதன் பெருங் கவர்ச்சி.

பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிப்பது போதாது என்பது தெரிந்தபின், ஆசிரியர் எப்படிப்பட்டவராய் இருக்கவேண்டும் என்ற கேள்வி எழுந்தது. மன்செஸ்டரில் ஏழைகளிடையே வைத்தியராகப் பணியாற்றிய ஜேம்ஸ் கே (பின்னாளில் கே-ஷட்டில்வேத்) 1840இல் லண்டன் பற்றர்சீயில் ஒரு பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார. அங்கே படிப்போடு தோட்டவேலையும் வீட்டுவேலையும் எளிய உணவும் கட்டாயம். கல்விச் செருக்கு தலைக்கேறி, மாணவன் ஏழைப் பிள்ளைகளிடமிருந்து விலகிவிடுவான் என்ற அச்சமே இதற்குக் காரணம்.

1846இன் அரச விதிகள் இதை நாடெங்கும் கொண்டுசென்றன. 13 வயதில் ஒருவர் மாணவ-ஆசிரியராகச் சேரலாம். பயிற்சி ஐந்து ஆண்டுகள். ஊதியம் ஆண்டுக்கு 10 பவுணில் தொடங்கி 20 பவுண் வரை. ஆனால் அவரது ஒழுக்கத்துக்கு மட்டுமன்றிக் குடும்பத்தின் ஒழுக்கத்துக்கும் நற்சான்று வேண்டும். வீட்டுச் சூழல் திருப்தியில்லையெனில் வேறொரு நல்ல வீட்டில் தங்கவேண்டும். பணிவைப் பண்பென்று பெயரிட்டு, ஏழைக் குடும்பங்களின் உள்வீடுவரை அதிகாரம் எட்டிப்பார்த்தது. அதேவேளை, உழைப்பாளர் பிள்ளைகள் பலருக்கு அறிவுலகின் கதவைத் திறந்ததும் இதே ஏற்பாடுதான். இரண்டையும் சேர்த்தே நாம் பார்க்கவேண்டும்.

1862இல் கோல் மாறியது. பிள்ளைகளின் வரவும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் அவர்கள் பெற்ற தேர்ச்சியுமே பள்ளிக்கான மானியத்தைத் தீர்மானித்தன. பள்ளிப் பரிசோதகராக இருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இதை எதிர்த்தார். இந்த முறை முற்றாக மறைய 1890கள் ஆயிற்று.

2012 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் ஆசிரியர் தராதரங்கள் கற்பித்தலுக்கு எட்டு அளவுகளை வகுத்துள்ளன. இரண்டாம் பகுதி தனிப்பட்ட நடத்தை பற்றியது. அடிப்படைப் 'பிரித்தானிய விழுமியங்களை'க் குலைக்கலாகாது என்பது அதில் ஒன்று. 1846இன் நற்சான்றுப் பத்திரம் வேறு உடையில் வந்திருக்கிறது எனலாம்.

ஆசிரியரிடம் பண்பை எதிர்பார்ப்பதில் தவறில்லை. யாருடைய பண்பு, யாருக்கு அடங்கிய பண்பு என்பதே கேள்வி. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆசிரியரைத் தேடும் நாமும் இதற்குப் பதில் சொல்லியாகவேண்டும். ஊரில் பார்த்த அடக்கத்தையா நாம் தேடுகிறோம், அல்லது இந்நாட்டில் பிறந்த பிள்ளையின் கேள்விக்குக் காதுகொடுக்கும் பொறுமையையா?